எந்த கேமரா, எந்த லென்ஸ் எனக்குப் பொருந்தும்?

கேள்வி இது: "இரண்டு ஆண்டுகளாக ஏ.பி.எஸ்.-சி சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமராவும் அதனுடன் வந்த 18–55 மி.மீ. கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். தெருவில் நடந்தபடி படமெடுப்பதும் வீட்டில் குழந்தைகளை எடுப்பதும் பிடிக்கும். எப்போதாவது பயணம் போவேன். நண்பர்கள் இதைவிடப் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேமுக்கு மாறச் சொல்கிறார்கள். ஒருவர் 50 மி.மீ. லென்ஸ் வாங்கு என்கிறார், இன்னொருவர் 70–200 இல்லாமல் காலம் தள்ளவே முடியாது என்கிறார். எனக்கென்று ஒரு பாணி இருக்கிறதா என்பதே தெரியவில்லை. எதை வாங்குவது?"

பாணி உங்களிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டு படமெடுத்த யாருக்கும் அது இல்லாமல் போகாது. உங்கள் கணினியில் கிடக்கிறது, நீங்கள் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நண்பர்கள் சொல்வதெல்லாம் அவரவர் பாணிக்குப் பொருந்தியவை. என்னிடம் இப்படிக் கேட்டு வருபவர்களுக்கு நான் இரண்டு வேலை கொடுப்பேன். எடுத்த படங்களைப் பார்த்து லென்ஸை முடிவுசெய்யுங்கள். எடுக்க முடியாமல் தவறிய படங்களைப் பார்த்து கேமராவை முடிவுசெய்யுங்கள். இந்த வரிசையும் முக்கியம். பலர் கேமராவில் தொடங்கிக் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் அதில் கரைத்துவிட்டு, பழைய கிட் லென்ஸையே அதன் மூக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

முதல் வேலைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் கேமரா தானாகவே சில விவரங்களை எழுதிவைக்கிறது: குவியத் தூரம் (லென்ஸின் அந்த மி.மீ. எண்; குறைந்தால் அகலமாகவும் கூடினால் நெருக்கமாகவும் காட்டும்), ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு திறக்கிறது), ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது), எடுத்த நேரம். எக்சிஃப் என்று அதற்குப் பெயர். லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் குவியத் தூரத்தைக் கொண்டு படங்களை வடிகட்டலாம். எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி மொத்தத்தையும் பட்டியலாகக் கொடுத்துவிடும். ஆனால் எல்லாப் படங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களுக்கே பிடித்த, இன்னொருவருக்குக் காட்டக் கூச்சப்படாத நூறு படங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவை எந்தெந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள்.

பெரும்பாலும் ஒரு சிக்கல் வரும். 18இல் ஒரு குவியல், 55இல் ஒரு குவியல், நடுவில் சிதறலாகக் கொஞ்சம். ஜூம் லென்ஸ் வைத்திருக்கும் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். இதைப் பார்த்ததும் "எனக்கு 18ஐவிட அகலமும் வேண்டும், 55ஐவிட நீளமும் வேண்டும்" என்று முடிவுகட்டி இரண்டு லென்ஸ் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பொறுங்கள். 18இல் எடுத்த படங்களைத் திறந்து, பிறகு எவ்வளவு வெட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நான்கு ஓரமும் வெட்டப்பட்டு நடுப்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தால், உங்களுக்கு அகலமே தேவைப்பட்டிருக்கவில்லை. பையிலிருந்து எடுக்கும்போது லென்ஸ் 18இல் இருந்தது, திருப்ப நேரமில்லை. உங்கள் கண் பார்த்தது 24ஓ 35ஓதான். 55இல் எடுத்தவற்றிலும் இதே சோதனை. அவற்றையும் வெட்டியிருந்தால் நீளம் உண்மையாகவே போதவில்லை. வெட்டாமல் அப்படியே பிடித்திருந்தால், அங்கே உங்களுக்கு நீண்ட லென்ஸுக்கு அவசியமில்லை. அந்த 55 போதும், அதில் வெளிச்சம் மட்டும் கூடுதலாக வேண்டியிருக்கலாம்.

இங்கே எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ. உங்கள் ஏ.பி.எஸ்.-சி சென்சார் ஏறக்குறைய 23.5×15.6 மி.மீ. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே பிடிப்பதால், உங்கள் லென்ஸின் எண்ணை 1.5ஆல் பெருக்கினால் ஃபுல் ஃபிரேமில் அதே அகலம் காட்டும் லென்ஸ் கிடைக்கும். கேனனின் ஏ.பி.எஸ்.-சி சற்றுச் சிறியது, அதற்கு 1.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற இன்னும் சிறிய சென்சாருக்கு 2. ஆக, உங்கள் 18–55 என்பது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 27–82. நண்பர் 50 மி.மீ. என்று சொல்லும்போது எந்த சென்சாரில் என்று கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். உங்கள் கேமராவில் அந்த 50 ஒரு 75 ஆகிவிடும். சின்ன அறையில் குழந்தையை எடுக்க முதுகு சுவரில் முட்டும்.

முதுகு சுவரில் முட்டுவது என்று சும்மா சொல்லவில்லை. படமெடுக்கும் பாணி என்று நான் சொல்வதே முதன்மையாக இதைத்தான்: எடுக்கப்படுபவருக்கும் உங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது. நிறம், வெளிச்சம், சட்டத்தில் பொருள்களை அடுக்குவது எல்லாம் பிறகு வருகின்றன. ஒருவருடைய முழு உருவமும், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, நெடுக்காகப் பிடித்த சட்டத்தில் வரவேண்டும் என்று வையுங்கள். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 28 மி.மீ. லென்ஸுக்கு நீங்கள் சுமார் ஒன்றரை மீட்டரில் நிற்கவேண்டும். 35க்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 50க்கு இரண்டே முக்கால் மீட்டர். 85க்கு நாலே முக்கால். 135க்கு ஏழரை. 200க்குப் பதினொரு மீட்டர்.

வீட்டில் ஒரு டேப்பை எடுத்துத் தரையில் இந்தத் தூரங்களை அளந்து, ஒவ்வொன்றிலும் போய் நின்று பாருங்கள். ஒன்றரை மீட்டரில் எதிரிலிருப்பவர் உங்களைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. நீங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார், தயங்கினால் அவரும் முகம் சுளிப்பார். இரண்டே முக்காலில் குரலை உயர்த்தாமல் பேசலாம், அவர் தன் வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாலே முக்காலில் பேச்சு அறுந்துவிடுகிறது, கையசைத்துத்தான் சொல்லவேண்டும். பதினொரு மீட்டரில் நீங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது. எந்த இடத்தில் நிற்கும்போது உங்களுக்குக் கூச்சமில்லாமல், அவசரமில்லாமல் இருக்கிறதோ அதுதான் உங்கள் லென்ஸ். தயக்கம் உள்ளவரிடம் 28ஐக் கொடுத்து "நெருங்கிப் போ" என்று விரட்டினால் படம் வருவதில்லை. நடுங்கிய கையும் பாதி வெட்டுப்பட்ட முகங்களும்தான் வரும்.

தெருப் படத்துக்கு 35தான், 28தான் என்று அடித்துப் பேசுபவர்களை அதனால்தான் நான் நம்புவதில்லை. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு லைகா கேமராவிலும் 50 மி.மீ. லென்ஸிலும் கழித்தவர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் சால் லைட்டரோ தெருவில், தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸைப் பயன்படுத்தத் தயங்காதவர். பனி மூடிய கண்ணாடிக்குப் பின்னும் குடைகளின் ஓரத்திலும் மனிதர்களை வண்ணத் துண்டுகளாக எடுத்தார். இருவர் எடுத்ததும் தெருதான்.

50ஐ 'இயல்பான' லென்ஸ் என்பார்கள். மனிதக் கண் பார்ப்பது போலவே அது பார்க்கும் என்றும் ஒரு கதை உண்டு. ஆஸ்கார் பர்னாக் உருவாக்கிய லைகா 1925ஆம் ஆண்டு லைப்ஸிக் வணிகக் கண்காட்சியில் வெளிவந்தபோது, திரைப்படச் சுருளின் இரண்டு சட்டங்களைச் சேர்த்த 24×36 அளவுடன் 50 மி.மீ. லென்ஸும் சேர்ந்து வந்தது. பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இயல்பான லென்ஸ் சட்டத்தின் மூலைவிட்ட அளவில் இருக்கவேண்டும் என்பது வழக்கமான கணக்கு, அதை அளந்தால் 43 மி.மீ.தான் வரும். என் கைக்கு 40தான் ஒட்டிக்கொண்டது. 35 கொஞ்சம் தளர்வாகவும் 50 கொஞ்சம் இறுக்கமாகவும் எனக்குப் படும். இதற்கு ஆய்வுக் காரணம் எதுவும் கிடையாது, என் நூறு படங்களில் அப்படித்தான் இருந்தது.

முகங்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அகன்ற லென்ஸ் முகத்தைக் கோணலாக்கும், 85 முகத்தை அழகாக்கும் என்பார்கள். முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் அல்ல, தூரம். தலையும் தோளும் மட்டும் சட்டத்தை நிறைக்க 35 மி.மீ.யில் நீங்கள் சுமார் 58 சென்டிமீட்டருக்கு நெருங்கவேண்டும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் 12 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்தால், மூக்கு 58இல், காது 70இல். மூக்கு ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். இதையே 85 மி.மீ.யில் ஏறக்குறைய 1.4 மீட்டரில் எடுப்பீர்கள், வேறுபாடு எட்டு, ஒன்பது சதவீதமாகக் குறைந்துவிடும். 35ஐ வைத்துக்கொண்டே 1.4 மீட்டரில் நின்றால் முகம் அதே வடிவத்தில்தான் இருக்கும், சட்டத்தில் சிறிதாக, சுற்றியிருக்கும் அறையோடு சேர்ந்து தெரியும். அறையும் வேண்டும் என்று நினைப்பவர் ஒரு பாணி. அறையே வேண்டாம், கண் மட்டும் போதும் என்பவர் வேறு பாணி. உங்கள் நூறு படங்களில் பின்னணி எவ்வளவு தெரிகிறது என்று எண்ணிப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

இனி தவறிய படங்கள். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் எடுக்காத படம் கணினியில் இருக்காது. ஒரு மாதம் கைபேசியில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். "ஐயோ, போய்விட்டதே" என்று நினைக்கும் ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். மங்கிவிட்டது. கேமரா வீட்டில் இருந்தது. ஃபோகஸ் பின்னால் போய் சுவரில் உட்கார்ந்துவிட்டது. எட்டவில்லை. எடுக்கும்முன் திரும்பிவிட்டார். மாதக் கடைசியில் எந்த வரி அதிகமாக வந்திருக்கிறதோ அதற்குத்தான் பணம் செலவழிக்கவேண்டும். பல வரிகளுக்குச் செலவே தேவையில்லை.

மங்கலையே எடுத்துக்கொள்வோம், வீட்டில் குழந்தைகளை எடுப்பவர்களின் முதல் புகார் அதுதான். இரவு, கூடத்தில் ஒரே ஒரு விளக்கு. கிட் லென்ஸ் 55இல் இருக்கிறது, அங்கே அது திறக்கும் அதிகபட்ச அபெர்ச்சர் எஃப் 5.6 (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). கேமரா ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு உயர்த்தியும் ஷட்டர் வேகம் நொடியில் 60இல் ஒரு பங்குதான் கிடைத்தது. நிற்கும் பெரியவருக்கு அது போதும். ஓடும் குழந்தைக்குப் போதாது, குறைந்தது 250இல் ஒரு பங்காவது வேண்டும். இதில் கை நடுக்கத்தைத் தடுக்கும் நிலைப்படுத்தி ஒன்றும் செய்யாது. அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், குழந்தையை நிறுத்தாது. விற்பனைக் கையேடுகளில் இந்த வேறுபாட்டைப் பெரிய எழுத்தில் யாரும் போடுவதில்லை.

இப்போது அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் சுமார் பத்து. பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. ஷட்டரை 60இலிருந்து 250க்கு ஏற்ற நான்கு மடங்கு போய்விடும். மிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 6400இலிருந்து ஏறக்குறைய 2500க்கு இறங்கும். படமும் நின்றுவிட்டது, புள்ளிப் புள்ளியான இரைச்சலும் குறைந்துவிட்டது. லென்ஸை மாற்றாமல் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மட்டும் தாவியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? சென்சாரின் பரப்பளவு இரண்டே கால் மடங்கு கூடும், ஆதாயம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). லென்ஸ் தருவதோ மூன்று ஸ்டாப்புக்கும் மேல். உங்கள் நண்பர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

காசே செலவழிக்காத ஒரு வழியும் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் தானியங்கி ஐ.எஸ்.ஓ. அமைப்புக்குள் 'குறைந்தபட்ச ஷட்டர் வேகம்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதை 250இல் ஒரு பங்கு என்று வைத்தால் கேமரா அதற்குக் கீழே இறங்குவதற்கு முன் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும். இரைச்சல் கூடும்தான். இரைச்சல் உள்ள கூர்மையான படத்தைப் பிறகு ஒருவாறு சரிசெய்யலாம், மங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. 'மங்கிவிட்டது' என்று எழுதியவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு வரியே வைத்தியம் என்று துணிந்து சொல்வேன்.

வேகம் 500இல் ஒரு பங்காக இருந்தும் குழந்தையின் கண் மங்கலாகவும் காது கூர்மையாகவும் இருந்தால் நோய் வேறு, அது ஃபோகஸ். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து 1.4 மீட்டரில் எடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்தான். ஒரு விரற்கடை தவறினாலும் போயிற்று. இங்கேதான் புதிய கேமராவுக்கு உண்மையான நியாயம் பிறக்கிறது. கண்ணைக் கண்டுபிடித்து அதையே விடாமல் தொடரும் ஃபோகஸ் அமைப்பு அண்மைக் கேமராக்களில் நன்றாக முன்னேறியிருக்கிறது. ஓடும் பிள்ளைகளை எடுப்பவருக்கு மெகாபிக்சலைவிட அது பத்து மடங்கு பயன்.

'கேமரா வீட்டில் இருந்தது' என்ற வரி அதிகம் வந்திருந்தால் உங்கள் கருவி கனமாக இருக்கிறது. அதைவிடக் கனமான ஒன்றை வாங்கினால் அந்த வரி இன்னும் கூடும். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றேன். எல்லோரும் கொண்டாடுகிறார்களே என்று ஒரு 70–200 எஃப் 2.8 வாங்கினேன். ஏறக்குறைய ஒன்றரை கிலோ. அருமையான கண்ணாடி, அதில் குறையே சொல்ல முடியாது. முதல் வாரம் கழுத்தில் தொங்கவிட்டுப் பெருமையாக நடந்தேன். இரண்டாவது முறை பையில் இருந்தது, வெளியே வரவில்லை. மூன்றாவது முறை வீட்டிலேயே இருந்தது. கனம் ஒரு காரணம்தான். எனக்கு எடுக்கப்படுபவரோடு பேசிக்கொண்டே எடுக்கத்தான் வரும் என்பது அந்த லென்ஸை வாங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. பதினொரு மீட்டர் தள்ளி நின்று யாருடன் பேசுவது? ஓராண்டு அலமாரியில் வைத்திருந்து, மேடை நிகழ்ச்சிகள் எடுக்கும் ஒரு நண்பரிடம் விற்றேன். அவர் கையில் அது தினமும் உழைக்கிறது.

கனம் பிரச்சினையாக இருப்பவர்கள், லென்ஸ் மாற்றவே முடியாத சின்னக் கேமராக்களை இழிவாக நினைக்கவேண்டாம். ரிக்கோ ஜி.ஆர். வரிசை உங்கள் கேமராவில் உள்ள அதே ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சாரைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ஜி.ஆர். 3இல் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 28 மி.மீ. லென்ஸ், எடை பேட்டரியோடு கால் கிலோவை ஒட்டி. ஃபூஜிஃபில்மின் எக்ஸ்100 வரிசையில் அதே அளவு சென்சாரும் 35 கணக்கில் எஃப் 2 லென்ஸும். ஒரே லென்ஸ்தான், மாற்ற முடியாது. எந்த லென்ஸ் என்ற குழப்பத்தில் பாதி நேரத்தைத் தொலைப்பவருக்கு அதுவே விடுதலை. ஆனால் தரையில் டேப் வைத்து அளந்து, உங்கள் தூரம் ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் என்று உறுதியான பிறகு வாங்குங்கள். நாலு மீட்டர்க்காரருக்கு அது எரிச்சலூட்டும் பொம்மையாகிவிடும்.

'எடுக்கும்முன் திரும்பிவிட்டார்' என்ற வரிக்குப் பெரும்பாலும் மருந்து பழக்கம்தான். 28 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து, ஃபோகஸைக் கையால் மூன்றே கால் மீட்டரில் நிறுத்திவிட்டால், ஃபுல் ஃபிரேமில் சுமார் 1.6 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் ஏற்கத்தக்க கூர்மையோடு இருக்கும். தானியங்கி ஃபோகஸ் தேடித் திணறும் நேரம் மிச்சம். பகல் வெளிச்சத்தில் பழைய கேமராவில்கூட இது வேலைசெய்யும். ஒலி எழுப்பாத மின்னணு ஷட்டரும் உதவும். ஆனால் பெரும்பாலான சென்சார்கள் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வேகமாக நகரும் பொருள்கள் சாய்ந்து வரலாம். சில செயற்கை விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடும் விழும்.

கையில் பிடித்துப் பார்க்காமல் கேமரா வாங்காதீர்கள். இதை எல்லோரும் சொல்வார்கள், எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லமாட்டார்கள். பிடியைப் பற்றியதும் சுண்டுவிரல் எங்கே இருக்கிறது? கேமராவுக்குக் கீழே அந்தரத்தில் தொங்கினால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள்? வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம்) இடது மூலையில் உள்ள கேமராக்கள் வலக்கண்காரர்களுக்குச் சுகம், மூக்கு திரைக்கு வெளியே நின்றுகொள்ளும். இடக்கண்ணால் பார்ப்பவருக்கு மூக்கு திரையில் அழுந்தும். தொடுதிரை இயங்கிக்கொண்டிருந்தால் ஃபோகஸ் புள்ளியை மூக்கே இழுத்துக்கொண்டுபோய் மூலையில் வைத்துவிடும். கேலியாகத் தோன்றலாம், என் தோழி ஒருவர் இதைக் கேமராவின் கோளாறு என்று நினைத்து இரண்டு மாதம் மல்லுக்கட்டினார். பிறகு கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் அபெர்ச்சரையும் ஐ.எஸ்.ஓ.வையும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் மற்றச் சிறப்புகள் எவ்வளவு இருந்தாலும் அது உங்களுக்கு ஆகாது.

கேமராவின் உடல் வந்துபோகும். லென்ஸும், அதைக் கேமராவில் பூட்டும் இணைப்பான மவுண்ட்டும் பல ஆண்டு கூடவே இருக்கும். நிகானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது, கேனனின் இ.எஃப். 1987இல். இரண்டுக்கும் குவிந்துகிடக்கும் லென்ஸ்களை அந்தந்த நிறுவனத்தின் மிரர்லெஸ் கேமராக்களில் அடாப்டர் போட்டு இன்றும் மாட்டலாம். பழைய கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் இருந்த சாய்வான கண்ணாடி இல்லாததால் மிரர்லெஸ்ஸில் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே இடைவெளி குறைவு. எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ., நிகானின் மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள இசட் மவுண்ட்டில் 16. அந்த மிச்ச இடத்தில்தான் அடாப்டர் உட்காருகிறது. ஆகவே எந்த நிறுவனம் என்று யோசிக்கும்போது, இன்றைய கேமராவின் அம்சங்களைவிட நீங்கள் கண்டுபிடித்த அந்தத் தூரத்துக்கு, நீங்கள் தூக்கக்கூடிய எடையில், அந்த மவுண்ட்டில் லென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெகாபிக்சலுக்கு இரண்டு வாக்கியம் போதும். 24 மெகாபிக்சல் என்பது 6000×4000 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் ஏறக்குறைய 51×34 சென்டிமீட்டர் படம். அதைவிடப் பெரிதாக அச்சிடுபவர்களும் பறவையை எடுத்துப் பாதியாக வெட்டுபவர்களும் மட்டும் மேலே போகட்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத பாணிகளையும் விரைவாகத் தொட்டுச் செல்கிறேன், நாளை ஆசை வரலாம். பறவைகளுக்கு 400 மி.மீ.க்கு மேல்தான் பேச்சே. அங்கே ஏ.பி.எஸ்.-சி குறையல்ல, வரம். 400 அங்கே 600 போலப் பார்க்கும். பூச்சிகளுக்கு 1:1 அளவு, அதாவது பூச்சியின் அதே அளவுப் படத்தைச் சென்சாரில் பதிக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டும். அந்த நெருக்கத்தில் எஃப் 8இல்கூடக் கூர்மை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இருக்கும் என்பதால் விலை உயர்ந்த கேமராவைவிட மூச்சைப் பிடிக்கும் பழக்கம் உதவும். 60 மி.மீ.யைவிட 100 மி.மீ. நல்லது, பூச்சி பறந்துபோகாத தூரத்தில் நிற்கலாம். நிலக்காட்சி எடுப்பவர் முதலில் நல்ல முக்காலி வாங்கட்டும். அகன்ற லென்ஸ் மலைகளைப் புள்ளிகளாகச் சுருக்கிவிடும். மலையே படமாக வேண்டும் என்றால் 70–200தான் அங்கே சரி, என் பழைய லென்ஸுக்கு நான் அந்த வேலையைக் கொடுத்திருக்கலாம். வீடியோவுக்கு நொடிக்கு 25 சட்டம் என்றால் ஷட்டரை 50இல் ஒரு பங்கில் வைப்பது வழக்கம். பகலில் அதற்கு வெளிச்சம் மிகையாகிவிடும், வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் என்.டி. ஃபில்டர் வாங்க மறந்தவர்கள் கேமராவைக் குறை சொல்வார்கள்.

இப்போது நேராக உங்களுக்கு. கேமராவை மாற்றாதீர்கள். கிட் லென்ஸின் வளையத்தை 23ஐ ஒட்டி நிறுத்தி, நகராதபடி ஒரு துண்டு டேப்பை ஒட்டி ஒரு வாரம் எடுங்கள். அடுத்த வாரம் 35இல் ஒட்டுங்கள். ஃபுல் ஃபிரேம் கணக்கில் முதலாவது 35, இரண்டாவது ஏறக்குறைய 50. எந்த வாரத்தில் டேப்பைக் கிழித்துவிடத் தோன்றவில்லையோ, அந்தக் குவியத் தூரத்தில் எஃப் 2 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கும் பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒரே குவியத் தூரம் கொண்டது) ஒன்றை வாங்குங்கள். தெருவும் வீடும் இரண்டும் உங்களுக்கு வேண்டும் என்பதால் 23 பக்கம் சாய்வீர்கள் என்று என் ஊகம். அளந்து பார்க்காமல் அதையும் நம்பவேண்டாம். 70–200 ஆசை விடவில்லை என்றால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். ஞாயிறு மாலை அதில் எத்தனை படம் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஃபுல் ஃபிரேமை, அந்த எஃப் 2ஐ முழுதாகத் திறந்தும் வெளிச்சம் போதவில்லை என்ற வரி உங்கள் குறிப்பில் திரும்பத் திரும்ப வரும் நாளில் யோசிக்கலாம்.

பிரைம் லென்ஸைப் பழையதாக வாங்கினாலும் தவறில்லை, பார்த்து வாங்கவேண்டும். பின்பக்க மூடியைக் கழற்றி, அபெர்ச்சரைத் திறந்து, ஒரு சின்ன டார்ச்சைச் சாய்வாக உள்ளே அடியுங்கள். சிலந்தி வலை போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு மூன்று தூசித் துகள்களால் ஒன்றும் ஆகாது. அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக்கூடாது. தொலைவில் உள்ள ஒரு கட்டடத்தை முழுத் திறப்பில் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, எப்போதோ கீழே விழுந்த லென்ஸ் அது. வாங்கிய பிறகு ஈரமில்லாத இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு நாம் கட்டிக்கொடுக்கும் வீடு.

கிட் லென்ஸை மட்டும் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். விற்றாலும் பெரிதாக ஒன்றும் வராது. டேப்பை உரித்துப் பசையைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது லென்ஸ் எது என்ற கேள்வி வரும்போது மறுபடியும் அதில்தான் டேப் ஒட்டவேண்டியிருக்கும்.